ஊற்றுகிற கை

மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தலைக்கு மேல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தால் எனக்குப் பேச்சு வராது. இந்த நாற்காலியே போதும். முதுகு சாய்த்து உட்காரும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். என் பெயர் மருதாசலம். சேந்தமங்கலத்துக்குத் தெற்கே, கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். ஊரில் யார் கிணறு வெட்டினாலும், போர் போட்டாலும், முதலில் என்னைத்தான் அழைத்துப் போவார்கள். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டைச் சுற்றி நடப்பேன். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். என் தாத்தாவின் கையில் நின்றது, அப்பாவின் கையில் நின்றது, என் கையிலும் நிற்கிறது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுத் தங்கள் காட்டுக்கு என்னைக் கூப்பிடுவார்கள். நாங்கள் இதற்கு வெற்றிலைபாக்குக்கு மேல் எதையும் வாங்கியதில்லை. மருதாசலம் இல்லை என்று சொன்னால் அங்கே தண்ணீர் இல்லை என்று ஊர் நம்பியது. அந்த நம்பிக்கையை நிலத்தைப் போலப் பாகம் பிரிக்காமல் காப்பாற்றி வந்தோம்.

வெங்கடாசலம் என்று நீங்கள் எழுதி வைத்திருப்பவனை நாங்கள் வெங்கிட்டான் என்போம். அவன் அப்பன் எங்கள் தோட்டத்தில் ஏர் பிடித்தவன். அவன் உழைப்புக்காக என் அப்பா பாறைக் கரட்டு ஓரத்தில் ஒரு துண்டு நிலம் கொடுத்தார். கல்லும் கள்ளியும்தான் அதில் விளைந்தன. ஆடுகூட அங்கே மேய யோசிக்கும். கொடுப்பதில் நாங்கள் குறை வைத்தவர்கள் இல்லை. எதைக் கொடுக்கலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

வெங்கிட்டானின் மகன் தனசேகர் போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலைக்குப் போனான். வடக்கே எங்கெங்கோ பாறையைத் துளைத்துவிட்டு, இந்தச் சித்திரையில் வண்டி ஊர் திரும்பியபோது, அதன் முதலாளி அவனுடைய உழைப்பை மெச்சி, போகிற வழியில் உன் காட்டில் ஒரு போர் போட்டுக்கொள் என்றாராம். முதலாளிகள் இப்போது அப்படி ஆகிவிட்டார்கள்.

அன்று பிற்பகல் கரட்டுப் பக்கம் பெரிய இரைச்சல் கேட்டது. தென்னை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியதை என் வீட்டு வாசலில் நின்றே பார்த்தேன். வண்டியை நகர்த்திய பிறகும் அது நிற்கவில்லை. மோட்டார் இல்லாமல், கரண்ட் இல்லாமல், குழாய் வாயிலிருந்து வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது. மேட்டூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் மகன் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு என்று போனில் சொன்னான். பெயர் இருந்துவிட்டால் அதிசயம் மரியாதைக்குரியதாகிவிடும் என்பது அவன் எண்ணம்.

ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். இத்தனை காலம் கையளவு நீரை மூன்று வேலைக்குப் பயன்படுத்திய ஊர். ஒருவனுக்கு ஒன்று கிடைத்தவுடன் ஒவ்வொருவரும் உள்ளே எதை ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது வெளியே வந்துவிட்டது. கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் பங்காளி வெள்ளியங்கிரி, வெயிலில் கோழி சாகிறது, பண்ணைக்கு ஒரு லைன் வேண்டும் என்று வெங்கிட்டானிடம் போனான். மனை விற்கும் ரமேஷ்குமார், அந்தக் கள்ளிக்காட்டில் கொடி நட்டு நகர் ஒன்று உண்டாக்கலாம் என்று கார் எடுத்து வந்தான். கோயில் கமிட்டிக்காரர்கள், வந்தது தண்ணீர் இல்லை, கங்கையம்மா என்றார்கள். அப்படிச் சொன்னால் அவளுக்கு உண்டியல் வைக்கலாம். வெங்கிட்டானின் மகள் சித்ராவை ஏறெடுத்துப் பார்க்காதவர்கள், ஆட்டையாம்பட்டியில் தறி ஓட்டும் மாப்பிள்ளை இருக்கிறான் என்று ஜாதகம் கொண்டு வந்தார்கள். வெங்கிட்டான் தெருவில் ஜோதி என்று ஒரு பெண். மகளிர் குழுவின் தலைவி. அவளிடம் எதற்கு இத்தனை குதூகலம் என்று யாரோ கேட்டதற்கு அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா தலைக்கு ஊத்திக்கோணுமுங்க. எனக்கு அது போதும். செத்தாக்கூட ஈரத் தலையோடதான் சாவேன், பாத்துக்கங்க.”

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆசையில்கூட அவ்வளவுதான் அவர்களால் எட்ட முடிந்தது.

இவற்றை நான் பொறுத்துக்கொண்டேன். எறும்புகளுக்குச் சர்க்கரை கிடைத்தால் ஓடத்தான் செய்யும். டீக்கடையில் நடந்ததுதான் வேறு மாதிரி. நான் பேருந்துக்காக நிற்கிறேன். நவீன்குமார் என்று ஒரு பையன், கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்பவன், கடையிலிருந்த தேங்காய் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் போலவே முதுகை நிமிர்த்தி நடந்து காட்டினான்.

“ஏனுங்க, இங்க தண்ணி இல்லீங்க, அங்கயும் இல்லீங்க. இருக்கறதெல்லாம் டீலதானுங்க இருக்குது.”

“பெரியவரு தேங்காய் இனிமே சட்டினிக்குத்தான்டா ஆகும்,” என்றார் கடைக்காரர்.

என்னைப் பார்த்ததும் அடங்கிவிட்டார்கள். ஆனால் அடங்கும் முன் சிரித்திருந்தார்கள்.

இதில் அநியாயம் என்னவென்றால், என் கை பொய்க்கவே இல்லை. சில வருடங்களுக்கு முன் வெங்கிட்டான் வெற்றிலைத் தட்டோடு வந்து அழைத்தான். போனேன். கரட்டு ஓரம் அந்த இடத்துக்கு வந்ததும் தேங்காய் எழுந்தது. அவ்வளவு வேகமாக அது எழுந்து நான் பார்த்ததில்லை. கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டேன். “இங்க ஈரமே இல்லையப்பா, வீணா செலவு பண்ணாத,” என்றேன். அவன் என் காலைத் தொட்டுவிட்டு, “நல்லவேளை சொன்னீங்க சாமி,” என்றான். அவன் நன்மைக்காகத்தான் சொன்னேன். அவனுக்குத் தண்ணீர் வந்தால் அவன் மனைவி சாலம்மாள் நாளைக்கு எங்கள் தோட்டத்துக்குக் களை எடுக்க வருவாளா? வரமாட்டாள். பிறகு யார் வருவார்கள்? எல்லாரும் எஜமானர்கள் ஆகிவிட்டால் வேலை யார் செய்வது என்பதை யாராவது ஒருவர் யோசிக்க வேண்டும்.

ஆகவே டீக்கடையில் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. என் கை சரியாகத்தான் சொன்னது என்று நிரூபிக்க வேண்டுமானால், என் வாய் என்ன சொன்னது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். என் தாத்தாவின் கையை, அப்பாவின் கையை, ஒரு பையன் தேங்காயை வைத்து ஏளனம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டேன்.

ஆனியில் வெங்கிட்டான் தன் காட்டோரம் சிமெண்டில் ஒரு பெரிய தொட்டி கட்டினான். தெருக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கல் சுமந்தார்கள். வழிந்து ஓடுவதைத் தேக்கி, குழாய் வைத்து, ஆடிப் பதினெட்டு அன்று திறப்பதாக ஏற்பாடு. அதற்கு என்னை அழைக்க வந்தான். வாசற்படிக்குக் கீழேதான் நின்றான். அந்த மரியாதையில் குறை சொல்ல மாட்டேன்.

“சாமி, மொதக் கொழாயை நீங்கதானுங்க தொறக்கோணும்.”

“எதுக்கு?”

“நீங்க கை வெச்சாத்தானுங்க தண்ணி நிலைக்கும். இவனுக பேசறதை மனசுல வெச்சுக்காதீங்க. அன்னைக்குத் தேங்காய் எந்திரிக்கலைன்னா, அன்னைக்குத் தண்ணி இருந்திருக்காது. பொறவு வந்திருக்குமுங்க. உங்க கை தப்பாதுங்க.”

அவன் எனக்குச் சமாதானம் சொன்னான். புரிகிறதா? வெங்கிட்டான், எங்கள் களத்தில் நெல் பொறுக்கித் தின்று வளர்ந்தவன், எனக்கு ஆறுதல் சொன்னான். என்னை மன்னிக்கவும் தயாராக இருந்தான், எதற்கு என்று தெரியாமலே. நான் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ சொல்லவில்லை. “சரி, போ,” என்றேன்.

“போயிட்டு வாரேனுங்க,” என்று போனான்.

அவன் போனதும் என் மகன் உள்ளேயிருந்து வந்தான். தீனதயாளன், ஒரே மகன். எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவன். எங்கள் கிணறு கொஞ்சம் வற்றியிருக்கிறது. கொஞ்சம்தான். தென்னைகள் குருத்து சாய்ந்திருப்பது வண்டினால். ஆனால் அவனுக்கு அவசர புத்தி.

“அப்பா, நீங்க போயி தொறந்து வைங்கப்பா. வெங்கடாசலண்ணன் நம்ம தோப்புக்கும் ஒரு லைன் தாரேன்னு சொல்லியிருக்கறாருங்க.”

“யாரு?”

“வெங்கடாசலண்ணனுங்க.”

“நீ அவன் ஊட்டுக்குப் போனயா?”

“போனனுங்க. கயித்துக் கட்டில் போட்டு உக்கார வெச்சாங்க. தண்ணிக்கு என்னங்கப்பா சாதி?”

“தண்ணிக்கு இல்லடா. ஊத்தற கைக்கு இருக்குது.”

“அந்தக் கைதானுங்களே நம்ம சோத்துக்கு நாத்து நட்டுது?”

வளர்ந்த மகனிடம் வாதாடுவது எங்கள் வழக்கம் இல்லை. அவன் அந்தக் கட்டிலில் உட்கார்ந்தான், ஆனால் ஒன்றும் குடித்திருக்க மாட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சிறு வயதில் பள்ளிக்கூடத்தில் கண்டவர் கையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தான் என்று ஒருமுறை சாட்டை எடுத்தேன். அதற்குப் பிறகு அவனுக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அன்று இரவு படுத்துக்கொண்டே யோசித்தேன். என் கோபம் வெங்கிட்டான் மேல் இல்லை. அந்தத் தண்ணீர் மேல்தான். அது வந்த நாளிலிருந்து யார் யார் வாசலில் நிற்க வேண்டும் என்ற ஒழுங்கே தலைகீழாகிவிட்டது. என் மகன் அந்த வாசலில் நின்றான். அந்தத் தண்ணீர் கெட்ட தண்ணீர் என்று ஊருக்குத் தெரிந்தால் போதும். கூட்டம் தானாகக் கலையும். மனை விற்பவன் கொடியைப் பிடுங்கிக்கொண்டு போவான். கங்கையம்மா வேறு ஊருக்குப் போவாள். அங்கே தண்ணீர் இல்லை என்று நான் சொன்னதும், குடிக்கிற தண்ணீர் இல்லை என்ற அளவிலாவது உண்மையாகிவிடும். எங்கள் வார்த்தைக்கு நான் செய்ய வேண்டிய கடமை அது.

ஆடிப் பதினெட்டு அன்று உச்சி வெயிலில் ஊர் முழுக்கக் கோயிலில் இருந்தது. கிடா வெட்டு. தென்னைக்கு வேரில் கட்டுகிற பூச்சிமருந்து எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். இருந்த பாட்டில்களை ஒரு துணிப்பையில் எடுத்துக்கொண்டு, வெள்ளை வேட்டி, துண்டோடு, நேர் வழியில் நடந்துதான் போனேன். ஒளிந்து போகவில்லை. ஒளிந்து போக வேண்டிய குடும்பம் இல்லை எங்களுடையது.

தொட்டிக்குப் பக்கத்தில் சாலம்மாள் மட்டும் பெரிய பானையில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். நாலைந்து குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“வந்துட்டீங்களா சாமி. வருவீங்கன்னு இவரு சொல்லிட்டே இருந்தாருங்க. நாந்தான் நம்பலை.”

“தொட்டியை ஒருக்கா பாத்துட்டுப் போறேன்.”

“பாருங்க சாமி. நல்லாப் பாருங்க.” பிறகு குழந்தைகளைப் பார்த்து, “ஏய், அக்கட்ட போங்க. பெரியவரு சாமி கும்பிடறாரு, சத்தம் போடாதீங்க,” என்று அவர்களைத் துரத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். நான் கும்பிடும்போது பக்கத்தில் நிற்பது மரியாதை இல்லை என்று நினைத்திருப்பாள். நான் வேலையை முடிப்பதற்கு வேண்டிய தனிமையை அவளே கொடுத்தாள்.

மூடியைத் தூக்கினேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அதை மறுக்க மாட்டேன். எல்லாவற்றையும் ஊற்றிவிட்டு, மூடியை வைத்துவிட்டு, வழக்கமாக வீடு திரும்பும் நேரத்துக்குள் திரும்பிவிட்டேன்.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆட்கள் சாவார்கள் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். வாடை வரும், கசக்கும், துப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டு மாடுகூட வாடை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இவர்கள் துப்பவில்லை. புதுத் தொட்டி, சிமெண்டு வாடை அப்படித்தான் இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு குடித்திருக்கிறார்கள். சாலம்மாள் ஒரு சொம்பு குடித்துவிட்டுக் குழந்தைகளுக்கும் ஊற்றியிருக்கிறாள். ஜோதி தலைக்கும் ஊற்றிக்கொண்டாளாம். திடீரென்று கிடைத்ததை வாயிலிருந்து துப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சாலம்மாள், ஜோதி, இரண்டு குழந்தைகள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர்கள் நிறைய. வெங்கிட்டான் பிழைத்துவிட்டான். பந்தியில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குடிக்கலாம் என்று இருந்தானாம்.

ரமேஷ்குமாரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நிலத்தை மலிவாக வாங்குவதற்காக அவன் செய்தான் என்று ஊர் பேசுகிறது. அவனை விட்டுவிடுங்கள். அவன் கொடி நடுவான், தேநீர் வாங்கிக் கொடுப்பான். அதற்கு மேல் அவனுக்குத் தெம்பு கிடையாது. ஆனால் நான் அவனுக்காக இங்கே வரவில்லை. வெங்கிட்டானுக்காகவும் வரவில்லை. செய்தித்தாளில் வந்திருந்த ஒரு வரிக்காக வந்தேன்.

வெங்கடாசலம் வீட்டு விருந்தில் உணவருந்தி, அங்கே தண்ணீர் குடித்து இறந்தவர்களில் மருதாசலத்தின் மகன் தீனதயாளனும் ஒருவர் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தின் பெயர் செய்தித்தாளில் வருவது இதுவே முதல் முறை.

என் மருமகள் சத்யபிரியாவிடமும் நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். அவள் என்னிடமும் அதையே சொன்னாள். கோயிலிலிருந்து வந்தவுடன் யாரோ அவனிடம் சொன்னார்களாம், உங்கப்பா தொட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார் என்று. சாலம்மாள்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அதைக் கேட்டதும் அவருக்கு அழுகையே வந்துருச்சுங்க மாமா. எங்கப்பா மனசு எறங்கிட்டாரு சத்யா, நான் போயி அவங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு வாரேன்னு போனாருங்க.”

அவள் துக்கத்தில் பேசுகிறாள். அதற்கு மேல் ஒன்று சொன்னாள். போர் போட்ட நாளிலிருந்து எங்கள் வீட்டுக்கும் அந்தக் குழாய்த் தண்ணீர்தான் வருகிறதாம். தீனதயாளன் விடியற்காலையில் வண்டியில் கேன் வைத்துக் கொண்டு வந்து ஊற்றுவானாம். எங்கள் கிணற்றில் சேறுதான் இருக்கிறதாம். “நீங்க குடிக்கற மோரும் அந்தத் தண்ணிதானுங்க மாமா, மூணு மாசமா,” என்றாள். புருஷனைப் பறிகொடுத்தவள் எதையாவது சொல்வாள். அதை எழுத வேண்டாம். எனக்குத் தண்ணீரின் ருசி தெரியாதா? எங்கள் கிணற்றுத் தண்ணீரை நான் பிறந்ததிலிருந்து குடிக்கிறேன். இந்த மூன்று மாதமாக அது எப்போதையும்விட இனிப்பாகத்தான் இருந்தது.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியில் மருந்தை ஊற்றியவன் மருதாசலம். யார் தூண்டியும் இல்லை, சுய நினைவோடு, பகல் வெளிச்சத்தில் செய்தேன். சாலம்மாள் சாவும் ஜோதி சாவும் அந்த இரண்டு குழந்தைகளின் சாவும் என்னைச் சேர்ந்தவை. கையெழுத்துப் போடுகிறேன். தூக்கில் போட்டாலும் தலையைக் குனிய மாட்டேன். தீனதயாளன் பெயரை மட்டும் அந்த வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள். வெயிலில் நடந்தே போயிருக்கிறான், நெஞ்சு அடைத்துவிட்டது, அவ்வளவுதான். வெங்கிட்டான் தன் மடியில் என் மகனின் தலையை வைத்துக்கொண்டு அழுதான் என்றால், அது அவனுடைய அதிகப்பிரசங்கம். வயிற்றை அறுத்துப் பார்த்த டாக்டர் வேறு விதமாக எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது.

என் மகன் அந்தக் கையிலிருந்து வாங்கிக் குடிக்கவில்லை. தாகம் எடுத்திருந்தால் என்னிடம் கேட்டிருப்பான்.